புதியவனுக்கு எந்த எஞ்சின்?

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஒகாச்சி என்று ஓர் ஏரி உண்டு. 1906-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், அந்த ஏரிக்கு நண்பர்களுடன் வனபோஜனத்துக்கு வந்திருந்த பெஸ் என்னும் பெண் ஐஸ்கிரீம் வேண்டுமென்று விரும்பினாள் என்றும், அவளிடம் பிரியம் கொண்டிருந்த ஓலே எவின்ரூட் என்னும் வாலிபர் வேகாத வெயிலில் துடுப்புப் போட்டுச் சென்று அதை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அது உருகிப் போயிற்று என்றும், அன்றைய ஆயாசத்திலிருந்தே படகின் பின்புறத்தில் மாட்டி ஓட்டக்கூடிய எஞ்சினைப் பற்றிய யோசனை அவர் மனத்தில் உதித்தது என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும், நார்வேயில் பிறந்து சிறு பிராயத்திலேயே அமெரிக்காவில் குடியேறிய அந்த மனிதர், மில்வாக்கி நகரத்திலிருந்து 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைசக்தியும் 62 பவுண்டு எடையும் உடையதாக இருந்தது. அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே டெட்ராயிட் நகரத்தில் காமரன் வாட்டர்மன் என்பவர் அத்தகைய எஞ்சினைச் செய்து விற்றிருக்கிறார். ஆயினும் சாமானியர் கைக்கு அதைக் கொண்டு சேர்த்த பெருமை எவின்ரூடையே சாரும். நம் கடற்கரைகளில் ஃபைபர் வள்ளங்களின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின்கள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே.

தொடக்கத்தில் இந்த எஞ்சினை வைத்துக்கொண்டு பந்தயம் விடலாம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். படகு ஒரு குறிப்பிட்ட வேகம் வரையில் நீரைப் பிளந்து தள்ளிக்கொண்டுதான் போகிறது; அந்த வரம்பைத் தாண்டும் அளவுக்கு விசை கிடைத்துவிட்டாலோ, தட்டையான அடிப்புறமுள்ள இலேசான படகு நீருக்குள் புதைந்து செல்வதை விட்டுவிட்டு, நீரின்மேல் ஏறி வழுக்கி ஓடத் தொடங்குகிறது. ஜான்ஸன் சகோதரர்களின் தொழிற்சாலை 1926-இல் ஆறு குதிரைசக்தி எஞ்சினை வெளியிட்டபோது, இந்த அற்புதம் கூலிக்காரனுக்கும் குமாஸ்தாவுக்கும் எட்டக்கூடியதாயிற்று. அதுவரை செல்வந்தர்களின் பெரிய விசைப்படகுகளுக்கே உரியதாக இருந்த பந்தயக்களத்தில், தச்சுப் பட்டறையில் செய்த சிறு படகும் அதன் பின்னே ஓர் எஞ்சினும் கொண்டு எளியவர்கள் பிரவேசித்தார்கள். 1903-இல் நிறுவப்பட்ட அமெரிக்க விசைப்படகுச் சங்கம் அவர்களுக்கும் விதிகளையும் வகுப்புகளையும் வகுத்துத் தந்தது. அந்தச் சிறு படகுப் பந்தயம் நூற்றாண்டு காலமாக நடந்து வருகிறது. நான் இங்கே பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதைப் பற்றியதுதான்.

இதில் பணப் பரிசு அற்பம். பெரும்பாலும் ஒரு கோப்பையும் கைகுலுக்கலுமே பரிசு. வார நாட்களில் ஆசிரியராகவும் மெக்கானிக்காகவும் விவசாயியாகவும் இருப்பவர்கள், சனிக்கிழமை காலையில் காரின் பின்னே படகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓர் ஏரிக்கரைக்கு வந்து சேருகிறார்கள். படகில் இரண்டு ஜாதி உண்டு. ரன்அபவுட் என்பது தட்டையான அடிப்புறம் முழுவதையும் நீரில் பதித்து ஓடுவது. திருப்பங்களில் ஓட்டுகிறவர் தம் உடம்பையே எதிர்ப்பாரமாகச் சாய்த்து அதைக் கவிழாமல் காக்க வேண்டும். ஹைட்ரோபிளேன் என்பது முன்னே இருபுறமும் உள்ள இரண்டு மிதவைப் பாதங்களாலும் பின்னே எஞ்சின் சுழற்றும் விசிறியாலும் மாத்திரமே நீரைத் தொட்டுக்கொண்டு, மற்றப் பாகமெல்லாம் காற்றில் மிதக்க ஓடுவது. எதில் ஏறினாலும் ஆசனம் கிடையாது. மண்டியிட்டே ஓட்ட வேண்டும். வலக்கை சக்கரத்தைப் பிடிக்க, இடக்கை விசைப்பிடியை இறுக்குகிறது. பிடியை விட்டால் வில் அதைத் திருப்பி இழுத்து எஞ்சினைத் தணித்துவிடும். சிறிய படகுதான், ஆனாலும் நானூறு கனசென்டிமீட்டர் எஞ்சின் பூட்டிய ஹைட்ரோபிளேன் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும்போது, மண்டியிட்டிருப்பவரின் கண்ணுக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே இருப்பது இரண்டு மூன்று அடி உயரம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வேகம் அவருக்கு எப்படித் தோன்றும் என்பது விளங்கும்.

கரையில் நின்று கவனிக்கத்தக்கது புறப்பாடு. இந்தப் பந்தய எஞ்சின்களில் நியூட்ரல் கிடையாது. எஞ்சின் உயிர் பெற்ற மறுகணமே விசிறி சுழலும். ஆகவே உதவியாளர் ஒருவர் முழங்கால் நீரில் நின்று, படகின் பின்புறத்தை விசிறி நீருக்கு மேலே தெரியும்படி தூக்கிப் பிடித்திருக்க, ஓட்டுநர் எஞ்சினின் தலையிலுள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஓங்கி இழுக்கிறார். முதல் இழுப்பில் ஒரு செருமல், இரண்டாவதில் நீலப் புகை, மூன்றாவதில் காதைப் பிளக்கும் அலறல். அதே நொடியில் ஓட்டுநர் முன்பக்கம் பாய்ந்து மண்டியிட, உதவியாளர் படகை நீரில் இறக்கி முன்னே தள்ளிவிட்டு ஒதுங்குகிறார். மெதனாலை எரிபொருளாகக் கொண்ட வகுப்புகளாயின், அந்தத் திரவத்தோடு தாது எண்ணெய் கலவாது என்பதால் ஆமணக்கெண்ணெயைத்தான் மசகாகச் சேர்க்கிறார்கள். நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய், அங்கே ஏரிக்கரை முழுவதும் மணக்கிறது.

படகுகள் வரிசையாக நின்று புறப்படுவதில்லை. நடுவர் மேடையில் பெரியதொரு கடிகாரம் இருக்கும். படகுகள் எல்லாம் களத்தைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டிருந்து, கடைசி நிமிஷம் கரைந்து முள் பூஜ்யத்தைத் தொடும் அதே தருணத்தில் முழு வேகத்தோடு கோட்டைக் கடக்க வேண்டும். முந்திக் கடந்தவருக்கு அந்த ஓட்டத்தில் பலன் இல்லை. பிந்தியவரோ முன்னே போகிறவர்கள் எழுப்பும் நீர்த்திரைக்குள் கண் தெரியாமல் ஓட வேண்டும். முதலாமவருக்கு 400 புள்ளி, இரண்டாமவருக்கு 300, மூன்றாமவருக்கு 225, நான்காமவருக்கு 169 என்று ஒவ்வொன்றும் முந்தியதன் முக்கால் பங்காகக் குறைந்து செல்லும் கணக்கில், இரண்டு ஓட்டங்களின் கூட்டுத்தொகை வெற்றியை நிர்ணயிக்கிறது. இப்படி நிதானத்துக்கும் சாமர்த்தியத்துக்கும் இடம் தருகிற விளையாட்டில், எஞ்சின் ஒன்றே வெற்றியைத் தீர்மானித்துவிடுமானால் அதில் சுவை ஏது? இந்தக் கேள்வியிலிருந்துதான் ஸ்டாக் என்னும் பிரிவு பிறந்தது.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னர் பந்தய எஞ்சின்கள் படிப்படியாகப் பிரத்தியேகமானவையாக மாறிக்கொண்டே வந்தன. கைதேர்ந்த கம்மியர் ஒருவரைக் கையில் வைத்திருந்தவரே ஜயித்தார். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்களிடம் உற்சாகம் இருந்தது. அந்த அளவுக்குப் பணம் இருக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, ஒரு பாகத்தையும் அராமலும் மாற்றாமலும் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் புதிய வகுப்புகள் ஏற்பட்டபோது, அவர்கள் திரள்திரளாக வந்து சேர்ந்தார்கள். அந்த வேளையில் கார்ல் கீக்ஹேஃபர் என்ற எஞ்சினியர், 1939-இல் தாம் வாங்கியிருந்த, நொடித்துப் போன ஒரு தொழிற்சாலையை மெர்க்குரி என்னும் பெயரால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவர் 1947-இல் வெளியிட்ட பத்துக் குதிரைசக்தி எஞ்சின், தன்னைவிடப் பெரியவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. அதன் வழிவந்த பந்தய எஞ்சின்கள் ஐம்பதுகளில் அமெரிக்க ஏரிகளை ஆண்டன. எஞ்சினைக் கடையில் சென்று வாங்கலாம். படகையோ ஹால் கெல்லி போன்றவர்கள் வரைந்து வெளியிட்ட படங்களைப் பார்த்து, வீட்டுக் கொட்டகையில் ஒட்டுப்பலகையை அறுத்துத் தாமே செய்துகொள்ளலாம். ஒரு மாரிக்காலத்தின் உழைப்பு கோடையில் பந்தயக் களத்தில் நிற்கும். அந்தப் பத்தாண்டுகளில் புதியவர்களை அழைப்பதற்குத் தனி முயற்சி எதுவும் தேவைப்படவில்லை என்றே சொல்லலாம்; கடைக்கண்ணாடிக்குப் பின்னே நின்ற எஞ்சினே அழைத்தது.

பிற்பாடு நிகழ்ந்ததை வருத்தத்துடனேதான் எழுத வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைகள் பந்தய எஞ்சின்களை ஒவ்வொன்றாக நிறுத்தின. சங்கத்தின் விதிகளோ அந்த எஞ்சின்களையே சார்ந்து நின்றன. முன்பு கடையில் கிடைத்தது, பின்னர் பழைய ஓட்டுநர்களின் கொட்டகைகளில் மாத்திரமே கிடைக்கும் பொருளாயிற்று. அன்றியும், நீரையும் காற்றையும் காக்கும் பொருட்டு அமெரிக்க அரசாங்கம் 1996-இல் பிறப்பித்து, 1998 முதல் படிப்படியாக அமுலாக்கிய புகை விதிகள், எண்ணெயும் பெட்ரோலும் கலந்து எரியும் எளிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைப் புதிய விற்பனையிலிருந்து மெல்ல அகற்றிவிட்டன. அந்த விதி நியாயமானதே. ஏரி நீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பதை விரும்பும் மனிதர் யாரும் இருக்க முடியாது. ஆனால் அதற்குப் பதிலாக வந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கனமானது; சிறு படகின் பின்பலகை அந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஜான்ஸன், எவின்ரூட் என்னும் இரண்டு பெயர்களையும் தாங்கி நின்ற பெருநிறுவனம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் திவாலாயிற்று. வேறு கைக்கு மாறிய எவின்ரூட் என்ற பெயரும் 2020-இல் உற்பத்தியோடு நின்றுபோயிற்று.

இந்த நிலையில் இருபது வயது இளைஞன் ஒருவன் ஏரிக்கரைக்கு வந்து, பார்த்து மயங்கி, நானும் ஓட்ட வேண்டும், என்ன வாங்கட்டும் என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தன் தகப்பனார் பிறப்பதற்கு முன் வார்க்கப்பட்ட எஞ்சினைத் தேடிப் பிடிக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கிடைத்தாலும், அது உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியுமே அன்றி வாங்குகிறவனுக்குத் தெரியாது. பழுதானால் கிராங்க் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் எங்கே போவான்? அவன் முதல் கோடையின் பெரும்பகுதியைக் கரையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கழித்துவிட்டு, மறு கோடையில் வராமலே இருந்துவிடுவான். பழைய எஞ்சின்களிடம் பழைய ஓட்டுநர்கள் கொண்டிருக்கும் வாஞ்சையை நான் மதிக்கிறேன். அவற்றைத் துடைத்துப் பாதுகாத்து, அவற்றுக்கெனத் தனி ஓட்டங்கள் நடத்துவது செய்யத்தக்க காரியமே. ஆனால் அவற்றை வைத்திருப்பவனுக்குத்தான் அனுமதி என்ற நிலைமை, அறிந்தோ அறியாமலோ, வருகிறவனைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடாக முடிகிறது.

இந்த நெருக்கடியில் ஒரு பாதி பரிகாரம் கீழ்த்திசையிலிருந்து வந்தது. ஜப்பானில் 1951-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நாகசாகி மாகாணத்தின் ஓமுராவில் தொடங்கிய மோட்டார்ப் படகுப் பந்தயம் இன்று 24 களங்களில் நடக்கிறது. பொதுமக்கள் பணம் கட்டிப் பந்தயம் வைக்கும் விளையாட்டு அது; அந்தச் சூதாட்டத்தை நான் சிலாகிக்கவில்லை. ஆனால் சூதாட்டம் என்பதாலேயே, எஞ்சின் விஷயத்தில் அவர்கள் கடைப்பிடிக்கும் நேர்மை கண்டிப்பானது. எஞ்சின்களும் படகுகளும் களத்துக்கே சொந்தம். போட்டித் தொடர் ஆரம்பிப்பதற்கு முந்திய தினம் ஓட்டுநர்கள் கூடி, சீட்டுக் குலுக்கலில் எந்த எண்ணுள்ள எஞ்சின் விழுகிறதோ அதைத்தான் அந்தத் தொடர் முடியும் வரை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு எஞ்சினும் இதுவரை எப்படி ஓடியது என்ற கணக்கு பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. விசிறியை மாத்திரம் ஓட்டுநர்கள் நெடுங்காலம் தாமே கொண்டுவந்தார்கள். 2012 முதல் அதுவும் களத்தின் பொருளாகிவிட்டது. கிடைத்த விசிறியைச் சுத்தியால் தட்டி வளைத்துத் தமக்கு இசைவாக்கிக்கொள்ளும் உரிமை மாத்திரம் அவர்களுக்கு இருக்கிறது. ஆறு படகுகள், மூன்று சுற்று, 1,800 மீட்டர். ஆண்களும் பெண்களும் ஒரே ஓட்டத்தில் ஒரே எஞ்சின் வகையோடு மோதுகிறார்கள்.

அந்த எஞ்சின்களைச் செய்வது யமாட்டோ என்னும் ஒரே நிறுவனம்: இரண்டு சிலிண்டர், ஏறக்குறைய நானூறு கனசென்டிமீட்டர், முப்பதைச் சற்றுத் தாண்டிய குதிரைசக்தி. ஒவ்வொரு களமும் ஆண்டுக்கொரு முறை தன் எஞ்சின்கள் அனைத்தையும் மாற்றிப் புதியவற்றைக் கொணர்கிறது. கழித்துவிடப்பட்டவை நன்கு பராமரிக்கப்பட்டவை, ஒன்றுபோல் ஒன்று இருப்பவை. இப்படிக் கழிந்த எஞ்சின்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தபோது, அங்குள்ள சங்கம் அவற்றுக்கு ஸ்டாக் பிரிவில் இடம் தந்தது. ஐரோப்பாவிலும் சர்வதேச வகுப்பு ஒன்று அவற்றை வைத்தே நடக்கிறது. மெர்க்குரி ஓட்டிப் பழகிய முதியவர்கள் பலர் இந்த எஞ்சினை முதலில் உவப்புடன் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆயினும் அது ஸ்டாக் பிரிவைப் பிழைக்க வைத்தது. அதைவிட வேகமான எஞ்சின்கள் பல உண்டு. ஒன்றுக்கொன்று வித்தியாசம் அற்பமாயிருந்ததும், வேண்டியபோது இன்னொன்று கிடைத்ததுமே அதன் சிறப்பு. ஆயினும் அயல்நாட்டுக் களங்களின் கழிவை நம்பி நிற்கும் வாழ்வு நிரந்தரமானதல்ல என்பதையும் கூறியாக வேண்டும்.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சங்கத்துடையதாயினும் தனி மனிதனுடையதாயினும், என் அபிப்பிராயத்தில் வேகத்தைப் பற்றிய யோசனை கடைசியாக வர வேண்டும். எல்லோரும் ஐம்பது மைல் வேகத்தில் ஓடினால் அது பந்தயம். ஒருவர் மாத்திரம் அறுபது மைலில் ஓடினால் அது ஊர்வலம். உதிரிப் பாகம் அஞ்சலில் வந்து சேருமா, பக்கத்து ஊர் மெக்கானிக்குக்கு அதைப் பிரித்துப் பூட்டத் தெரியுமா, ஒரு வாலிபன் தனியாகத் தூக்கிப் பின்பலகையில் மாட்டக்கூடிய எடையா, அதை நாளைக்கு விற்க நேர்ந்தால் வாங்க ஆள் இருக்குமா என்பவையெல்லாம் முந்திக் கேட்க வேண்டியவை. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதுதான் பலர் மறப்பது. பரிசோதகர் அந்த எஞ்சினை எளிதில் அளந்து, இது தொழிற்சாலை வார்ப்புத்தான் என்று கூற முடிய வேண்டும்.

அந்தப் பரிசோதனையைக் கிட்ட நின்று பார்ப்பது ஒரு படிப்பினை. ஓட்டம் முடிந்து முன்னணியில் வந்தவர்கள், படகும் எஞ்சினும் தாமுமாகத் தராசில் ஏறுகிறார்கள்; நிர்ணயித்த மொத்த எடைக்கு ஒரு பவுண்டு குறைந்தாலும் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. பிறகு எஞ்சினை மேஜைமேல் வைத்துத் தலையைக் கழற்றுகிறார்கள். கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு எரியறையின் கொள்ளளவைப் பார்க்கிறார் பரிசோதகர். கார்புரேட்டரின் கழுத்தில் ஓர் அளவுகோலைச் செருகிப் பார்க்கிறார். சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளின் உயரத்தை அளக்கிறார். ஜயித்தவர் எண்ணெய்க் கறை படிந்த கையைத் துடைத்தபடி மௌனமாகப் பக்கத்தில் நிற்கிறார். தோற்றவர்களும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். இந்த மேஜை திறந்த வெளியில், எல்லோரும் காணும்படி இருக்குமிடத்தில் சந்தேகம் வளர்வதில்லை. புதியவன் ஒருவன் ஜயித்தவரின் எஞ்சினுக்குள்ளே எட்டிப் பார்த்து, அது தன்னுடையதைப் போன்றே இருப்பதைத் தெரிந்துகொள்வதைவிட அவனுக்குத் தைரியம் ஊட்டக்கூடியது வேறில்லை.

அப்படியானால் தோல்விக்குக் காரணம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் விசிறியிலும், எஞ்சினை மாட்டிய உயரத்திலும், கோணத்திலும். ஸ்டாக் விதிகள் எஞ்சினைக் கட்டிப்போட்டாலும் விசிறியைப் பெரும்பாலும் ஓட்டுநரின் விருப்பத்துக்கே விட்டிருக்கின்றன. இதழ்களின் ஏற்றமும் விட்டமும் ஓரத்திலுள்ள சிறு மடிப்பும் சேர்ந்து, ஒரே எஞ்சினை ஒரு படகில் சோம்பேறியாகவும் இன்னொன்றில் சூரனாகவும் ஆக்கிவிடும். பின்பலகையில் கால் அங்குலம் உயர்த்தி மாட்டினால் நீருக்குள் இழுக்கும் பாகம் குறைந்து வேகம் கூடும். மிக உயர்த்திவிட்டால் திருப்பத்தில் விசிறி காற்றைக் கவ்விப் படகு நின்றே போகும். இந்த ஞானத்தை அனுபவசாலிகள் பரம்பரை வைத்திய ரகசியத்தைப் போலக் காத்து வருவதுதான் இந்த விளையாட்டுக்கு அவர்கள் செய்யும் பெருந்தீங்கு என்று நான் கருதுகிறேன். முதல் ஆண்டில் ஓட்டுகிறவனுக்கு ஒரு நல்ல விசிறியை இரவலாகக் கொடுத்து, எஞ்சினை இந்த உயரத்தில் வை என்று ஒருவர் காட்டித் தந்தால், அவன் பந்தயம் முழுவதும் கடைசியில் வராமல் நடுவில் வருவான். நடுவில் வருகிறவன் மறுபடியும் வருவான்.

சிறுவர்கள் விஷயத்தில் அமெரிக்கர்கள் செய்திருக்கும் ஏற்பாடு பாராட்டத்தக்கது. ஒன்பது வயது நிரம்பிய பிள்ளைகள் சிறுவர் வகுப்பில் ஓட்டலாம். அவர்களுடைய எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே சிறிய துளையிட்ட ஒரு தகட்டைச் செருகி, அது உட்கொள்ளும் காற்றைக் குறைத்துவிடுகிறார்கள். வேகம் தானே மட்டுப்படுகிறது. பிள்ளை வளர வளரத் தகட்டின் துளையும் பெரிதாகி, கடைசியில் தகடே எடுக்கப்பட்டுவிடும். வளரும் பிள்ளைக்காக ஆண்டுதோறும் புது எஞ்சின் வாங்கும் சுமை தகப்பனாருக்கு இல்லை. ஒரு சல்லிக்காசுத் தகடு இத்தனை பெரிய காரியத்தைச் சாதிக்கும்போது, பெரியவர்களாகிப் புதிதாய் வருகிறவர்களுக்கும் அதே உபாயத்தைத் தாராளமாகக் கையாளலாமே என்று தோன்றுகிறது.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் 1973 முதல் நடந்து வரும் ஏவன் நதிப் பந்தயம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. இரண்டு நாட்களில் 124 கிலோமீட்டர், பாறையும் புதரும் சுழலுமான ஆற்றில் இறங்க வேண்டிய அந்தப் பந்தயத்தில், துடுப்புப் படகுகளுடன் ஓடும் விசைப்படகுகளுக்குப் பத்துக் குதிரைசக்தி அளவிலான எஞ்சினே உரியது. மீன் பிடிக்கப் போகிறவன் வைத்திருப்பதும் அதுவே. ஏற்கெனவே வீட்டிலிருக்கும் எஞ்சினோடு பந்தயத்துக்கு வரலாம் என்னும்போது, வருகிறவன் முதலில் செலவழிக்க வேண்டியது தைரியம் ஒன்றைத்தான்.

சங்கங்களை நோக்கிச் சொல்ல வேண்டிய குறை இன்னொன்று உண்டு. ஆள் குறையக் குறைய வகுப்புகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதுதான் அது. ஒவ்வொரு பழைய எஞ்சினுக்கும் ஒரு வகுப்பு, ஒவ்வொரு புது யோசனைக்கும் ஒரு வகுப்பு என்று பிரித்துக்கொண்டே போய், கடைசியில் மூன்று படகு ஓடும் ஓட்டங்களாகப் பகல் பொழுது கழிகிறது. கரையில் நிற்பவனுக்கு எது எதனோடு போட்டியிடுகிறது என்பதே புரிவதில்லை. பன்னிரண்டு படகு ஒரே கடிகாரத்தை நோக்கிப் பாய்ந்து வரும் காட்சியைக் கண்டவன் மனம் இழக்காமல் திரும்ப மாட்டான். அந்தக் காட்சிக்காகச் சில வகுப்புகளைத் தியாகம் செய்வது தகும்.

அபாயத்தைப் பற்றிய பயமும் பலரைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறது. அதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. படகு கவிழும், ஓட்டுநர் நீரில் வீசப்படுவார். ஆகையால்தான் எஞ்சினின் உயிர்நிறுத்தியோடு ஓட்டுநரின் உடம்பை ஒரு கயிற்றால் இணைத்திருக்கிறார்கள். அவர் விழுந்த கணமே எஞ்சின் அணைந்துவிடும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும், விசிறியின் வெட்டைத் தாங்கும் கெவ்லார் இழை ஆடையும் கட்டாயம். இவற்றையெல்லாம் வந்தவனுக்கு எடுத்துச் சொல்லி, அணிவித்து, அமைதியான நீரில் தனியே ஓட்டப் பழக்கிய பின்னரே கூட்டத்தில் இறக்க வேண்டும்.

இல்லினாய் மாநிலத்தின் டிபியூ என்னும் சிற்றூர், தன் ஏரியில் தேசியப் பந்தயங்களை ஆண்டுதோறும் ஏற்று நடத்தி வருகிறது. ஊர்க்காரர்களே முன்னின்று அந்தக் காரியத்தைச் செய்கிறார்கள். ஒரு சிற்றூர் இத்தனை காலம் இதைத் தாங்கி நிற்குமானால், அங்கே வந்தவரை உபசரிக்கும் குணம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். படகுகள் நிறுத்தியிருக்கும் கரைப்பகுதிக்குள் பொதுமக்கள் தாராளமாக நுழைந்து, எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்கக்கூடிய மோட்டார் விளையாட்டுகள் உலகத்தில் அதிகம் இல்லை. இந்தப் பெரும் பாக்கியத்தை இவர்கள் இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இதைப் படிக்கிற வாசகர்களில் யாரேனும் அந்த நாடுகளில் வசிப்பவராக இருந்து, ஒரு நாள் ஏரிக்கரையில் நின்று இந்த ஆசைக்கு ஆட்பட்டால், எஞ்சின் வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று பந்தயங்களைச் சும்மா போய்ப் பாருங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள களத்தில் எந்த வகுப்பில் படகுகள் அதிகம் ஓடுகின்றனவோ அந்த வகுப்பின் எஞ்சினை வாங்குங்கள். அதுவே உங்களுக்கு உதிரிப் பாகமும் நண்பர்களும் கிடைக்கும் இடம். மேல்வகுப்புக்குப் போகிறவர் ஒருவரிடமிருந்து படகு, எஞ்சின், விசிறி, இழுவண்டி எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குவது, தனித்தனியாகத் தேடி அலைவதைவிடச் சிக்கனமானது. வாங்குமுன் அந்த எஞ்சினைச் சங்கத்துப் பரிசோதகரிடம் ஒரு முறை காட்டுங்கள்.

சங்கத்தை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: சங்கத்தின் சொத்தாக ஒரு படகும் அதற்கேற்ற ஓர் எஞ்சினும் எப்போதும் தயாராக இருக்கட்டும், கேட்டு வருகிறவனை அன்றே அதில் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டின் விதிகளை எழுத உட்காரும்போது, மேஜையைச் சுற்றி இருப்பவர்களிடம் எந்த எஞ்சின் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், இதுவரை ஒரு முறையும் ஓட்டாதவன் எந்த எஞ்சினைக் கடையில் போய் வாங்க முடியும் என்று கேளுங்கள்.